வஹாக்கா: பாழடைந்த நகரங்கள், பழைய ஊர்கள் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மெக்சிகோவின் தெற்கில் இருக்கும் வஹாக்கா மாநிலத்துக்கு ஒரு வாரம் போய்வரலாமா என்று என்னிடம் கேட்பவர்களில் பெரும்பாலோர் அமெரிக்காவில் வேலை பார்க்கும் நம் ஆட்கள். கான்குன் கடற்கரை பார்த்தாயிற்று, சிச்சென் இட்சா பார்த்தாயிற்று, அடுத்து என்ன என்று யோசிப்பவர்கள். அவர்கள் கேட்டதையும் நான் சொன்னதையும் இங்கே சேர்த்திருக்கிறேன். முதலிலேயே ஒன்று: இங்கே இடிபாடுகளை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பினால் பாதிதான் பார்த்ததாகக் கணக்கு. மலைமேல் கல் அடுக்கியவர்களின் வம்சம் கீழே சந்தையில் உட்கார்ந்து தக்காளி விற்றுக்கொண்டிருக்கிறது.

ஓக்ஸாகாவா, வஹாக்காவா?

வஹாக்கா. எழுத்துக்கூட்டி 'ஓக்ஸாகா' என்று சொன்னால் பேருந்து நிலையத்தில் டிக்கெட் கொடுப்பவர் ஒரு நொடி முழிப்பார்.

பெயருக்குப் பின்னால் ஒரு மரம் இருக்கிறது. 15ஆம் நூற்றாண்டில் அஸ்டெக் படை இங்கே வந்து பாளையம் போட்டபோது, தங்கள் நாவாட் மொழியில் 'ஹுவாஷ்யாகாக்' என்று பெயர் வைத்தார்கள். ஹுவாஷே மரங்களின் முனை என்று பொருள். ஸ்பானியர் வாயில் அது வஹாக்கா ஆனது. அந்த ஹுவாஷே வகை மரங்களில் ஒன்றைத்தான் நம்மூரில் ஆட்டுக்குத் தழை ஒடிக்கிறோம். சவுண்டல், சூபாபுல் என்கிறோமே, அதே மரம். மெக்சிகோவிலிருந்து உலகெங்கும் போனது. அங்கே மனிதர்களே அதன் காயை உரித்துப் பச்சையாகக் கொறிக்கிறார்கள். சந்தையில் கட்டுக்கட்டாகத் தொங்கும். லேசாகப் பூண்டு வாடை அடிக்கும்.

அங்கே இருந்தவர்கள் மாயாக்களா, அஸ்டெக்குகளா?

இரண்டு பேரும் இல்லை. மாயாக்கள் கிழக்கே யுகத்தான் பக்கம். அஸ்டெக்குகள் கடைசியில் வந்து வரி வாங்கியவர்கள். இந்தப் பள்ளத்தாக்கு சப்போட்டெக் மக்களுடையது. மேற்கே மலைப்பகுதியில் மிஷ்டெக் மக்கள்.

சப்போட்டெக் என்ற சொல்லைக் கேட்டதும் சப்போட்டாப் பழம் ஞாபகம் வந்தால் தப்பில்லை, இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். நாவாட் மொழியில் 'த்சப்போத்ல்' என்றால் இனிப்பான சதைப்பற்றுள்ள பழம். அந்தப் பழம் விளையும் ஊர்க்காரர்கள் என்று அஸ்டெக்குகள் வைத்த பெயர் சப்போட்டெக். தங்களை அவர்கள் 'மேக மக்கள்' என்று சொல்லிக்கொள்கிறார்கள். சப்போட்டெக் மொழி ஒன்றல்ல, ஒரு குடும்பம். ஒரு மலையில் பேசுவது அடுத்த மலையில் புரியாமல் போவதும் உண்டு. இன்றும் 4 லட்சம் பேருக்கு மேல் பேசுகிறார்கள். மெக்சிகோவின் புகழ்பெற்ற குடியரசுத் தலைவர் பெனித்தோ ஹுவாரெஸ், 1806ல் இந்த மாநிலத்து மலைக்கிராமமான கெலத்தாவோவில் பிறந்த சப்போட்டெக் பையன். 12 வயதில் மாநிலத் தலைநகரான வஹாக்கா நகரத்துக்கு வந்தபோது அவருக்கு ஸ்பானிஷ் தெரியாது. ஒரு புத்தகம் கட்டுபவர் வீட்டில் தங்கிப் படித்தார். அந்த வீடு இப்போது சின்ன அருங்காட்சியகமாக இருக்கிறது. அரை மணி நேரம் போதும்.

மோந்தே அல்பானில் அப்படி என்ன இருக்கிறது?

வஹாக்கா நகரத்திலிருந்து சுமார் 9 கி.மீ. தூரத்தில், பள்ளத்தாக்கின் தரையிலிருந்து 400 மீட்டர் உயரத்தில் ஒரு மலை. அதன் உச்சியைச் சமப்படுத்தி, கி.மு. 500 வாக்கில் ஒரு நகரத்தை எழுப்ப ஆரம்பித்தார்கள். வண்டி கிடையாது, பாரம் இழுக்க மாடு குதிரை கிடையாது, இரும்பு உளி கிடையாது. மலைமேல் போதிய தண்ணீரும் கிடையாது. கீழே நல்ல மண்ணும் ஆறும் இருக்கும்போது ஏன் மேலே போனார்கள் என்று கேட்டால், தெற்கு மேடையின் படி ஏறி நின்று பாருங்கள். பள்ளத்தாக்கு மூன்று கிளையாகப் பிரிகிறது: வடமேற்கே எத்லா, கிழக்கே த்லாகோலுலா, தெற்கே சாச்சிலா பக்கம். மூன்றும் சேரும் இடத்தில் நீங்கள் நிற்கிறீர்கள். எந்தப் பக்கமிருந்து யார் வந்தாலும் தெரியும். கீழே இருக்கும் எல்லோருக்கும் உங்களைத் தெரியும். ஆள்வதற்கென்றே தேர்ந்த இடம்.

நடுவில் சுமார் 300 மீட்டர் நீளத்துக்கு ஒரு பெரிய சதுக்கம். சுற்றிலும் மேடைகள், படிகள். சதுக்கத்தின் நடுவே சில கட்டடங்கள் வரிசையாக நிற்பதைப் பார்த்து, வெட்டவெளியை ஏன் அடைத்தார்கள் என்று தோன்றும். அங்கே பாறை முண்டு இருந்தது, அதை வெட்டி எடுக்க முடியவில்லை. அதன் மேலேயே கட்டடம் எழுப்பி மூடிவிட்டார்கள். எந்தக் காலத்துக் கொத்தனாரும் செய்யக்கூடிய வேலைதான்.

அவற்றுக்குத் தெற்கே 'ஜே' என்று எழுத்து வைத்த கட்டடம் ஒன்று அம்பு முனை வடிவில், மற்ற எல்லாவற்றுக்கும் கோணலாக நிற்கும். வானம் பார்க்கக் கட்டியது என்ற கருத்து உண்டு. நான் அதைவிட அதன் சுவரில் பதித்த கற்களைப் பார்க்கச் சொல்வேன். மலைக்குறி ஒன்று, அதன் கீழே தலைகீழாகத் தொங்கும் ஒரு மனிதத் தலை. மலைக்குறி ஊரைச் சொல்கிறது. தலைகீழ்த் தலை அந்த ஊர் தோற்றதைச் சொல்கிறது என்பது பல ஆய்வாளர்களின் வாசிப்பு. வென்ற ஊர்களின் பட்டியலைச் சுவரில் எழுதிவைத்த அரசு.

அப்புறம் 'நடனக்காரர்கள்'. கைகால் வளைந்து நெளிந்த ஆண் உருவங்கள் செதுக்கிய பலகைக் கற்கள், 300க்கு மேல் கிடைத்திருக்கின்றன. ஆடுகிறார்கள் என்று முதலில் நினைத்து வைத்த பெயர் ஒட்டிக்கொண்டது. உற்றுப் பாருங்கள்: கண்கள் மூடியிருக்கின்றன, வாய் திறந்து கிடக்கிறது, உடம்பில் துணியில்லை, சிலருக்கு இடுப்புக்குக் கீழே பூவேலை மாதிரி ஒன்று வழிகிறது. அது ரத்தம். கொல்லப்பட்ட போர்க்கைதிகள் என்பதுதான் இன்று பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. பக்கத்தில் செதுக்கியிருக்கும் எழுத்துக்கள் இந்தக் கண்டத்தின் மிகப் பழைய எழுத்து முறைகளில் ஒன்று. அதை இன்னும் முழுதாகப் படிக்க முடியவில்லை.

கி.பி. 800, 900 வாக்கில் நகரம் காலியாகிவிட்டது. ஒரே நாளில் எரித்து அழித்த கதை இல்லை. கொஞ்சம் கொஞ்சமாக மக்கள் இறங்கிப் பள்ளத்தாக்கில் இருந்த சின்னச் சின்ன ஊர்களில் தங்கிவிட்டார்கள். அந்த ஊர்களில் பல இன்னும் ஊர்களாகவே இருக்கின்றன. அடுத்த கேள்விகள் எல்லாம் அவற்றைப் பற்றியவைதான்.

எத்தனை மணிக்குப் போகலாம்? கைடு அவசியமா?

திறந்தவுடன் போங்கள். மேலே நிழல் என்று சொல்லிக்கொள்ள நாலு மரம்தான். நான் முதல் தடவை தொப்பி இல்லாமல் உச்சிவெயிலில் போய், கழுத்துத் தோல் உரிய இரண்டு நாள் கஷ்டப்பட்டேன். உயரமான இடம் என்பதால் காற்று குளிர்ச்சியாக இருக்கும், சுடுவதே தெரியாது. தண்ணீர் கையில் எடுத்துப் போங்கள்.

கைடு இருந்தால் நல்லது. வாசலில் அரசு அடையாள அட்டையோடு நிற்பார்கள். தொகையை முதலிலேயே பேசி முடித்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை மெக்சிகோக்காரர்களுக்கு இலவசம் என்பதால் கூட்டம் அதிகம். ஞாயிறை வேறு வேலைக்கு வைத்திருங்கள், கீழே சொல்கிறேன்.

அங்கே கிடைத்த தங்கம் எங்கே?

நகரத்துக்குள், சாந்தோ தொமிங்கோ கோயிலை ஒட்டிய பழைய மடத்தில் இருக்கும் அருங்காட்சியகத்தில். 1932 ஜனவரியில் அல்ஃபோன்சோ காசோ என்ற மெக்சிகத் தொல்லியலாளர் மோந்தே அல்பானில் 7ஆம் எண் கல்லறையைத் திறந்தார். கட்டியவர்கள் சப்போட்டெக்குகள். நகரம் காலியாகிப் பல நூற்றாண்டு கழித்து மிஷ்டெக் பிரபுக்கள் அதே கல்லறையில் தங்கள் ஆட்களைப் புதைத்திருக்கிறார்கள். தங்க மாலைகள், முத்து, பச்சைக்கல், எழுத்தாணி நுனியால் வரைந்தது போலச் செதுக்கிய எலும்புகள், நீலப் பச்சைக் கல் ஒட்டிய ஒரு மண்டையோடு. ஸ்பானியர் கையில் அகப்பட்ட தங்கமெல்லாம் உருகிக் கட்டியாகிப் போனது. இது மண்ணுக்குள் இருந்ததால் பிழைத்தது.

காலையில் மலை, சாப்பிட்டுக் கொஞ்சம் தூங்கி எழுந்து பிற்பகல் அருங்காட்சியகம். இந்த வரிசையை மாற்றாதீர்கள். மேலே வெறுங்கல்லாகப் பார்த்த அறைக்குள் என்ன இருந்தது என்று அன்றைக்கே பார்க்கும்போதுதான் மனசில் உட்காரும்.

மிட்லாவும் இதே மாதிரிதானா? ஒன்று பார்த்தால் போதாதா?

போதாது. மோந்தே அல்பான் அதிகாரத்தின் இடம், தூரத்திலிருந்து பார்க்கக் கட்டியது. மிட்லா சுவரோடு மூக்கை வைத்துப் பார்க்க வேண்டிய இடம்.

நகரத்திலிருந்து கிழக்கே சுமார் 45 கி.மீ. மோந்தே அல்பான் காலியான பிறகு செழித்து, ஸ்பானியர் வந்தபோதும் உயிரோடு இருந்த ஊர். நாவாட் பெயரான மிட்லா 'இறந்தவர்களின் இடம்' என்பதிலிருந்து வந்தது. சப்போட்டெக் பெயர் 'லியோபா', அடங்கும் இடம். இங்கே பிரமிடு இல்லை. தாழ்ந்த, நீளமான மாளிகைகள். சுவர் முழுக்கப் படிக்கட்டு, சுருள், வளைவு, மின்னல் கோடு என்று பட்டை பட்டையாகக் கல் வேலைப்பாடு. வரைந்தது இல்லை, ஒரே கல்லில் செதுக்கியதும் இல்லை. சின்னச் சின்னத் துண்டுகளாகத் தனித்தனியே செதுக்கிப் பக்கத்தில் பக்கத்தில் பொருத்தியது. இந்தக் கல்வேலையில் ஒரு மனித முகம், ஒரு மிருகம் கிடையாது. கோடுகள் மட்டும். சாயங்கால வெயில் சாய்ந்து விழும்போது ஒவ்வொரு துண்டின் நிழலும் நீண்டு சுவரே நெய்த துணி மாதிரி ஆகிவிடும்.

தூண் மண்டபத்தில் ஆறு தூண்கள், ஒவ்வொன்றும் ஒரே கல். முற்றத்துக்கு அடியில் சிலுவை வடிவக் கல்லறைகள். ஒரு கல்லறையில் இருக்கும் தூணைக் கட்டிப்பிடித்தால், இரண்டு கை விரல்களுக்கும் நடுவே மிஞ்சும் இடைவெளியை வைத்து இன்னும் எத்தனை வருஷம் ஆயுள் என்று சொல்லலாம் என்பது ஊர் நம்பிக்கை. கை நீளமானவர் பாடு கொஞ்சம் சிரமம்தான்.

அடுத்து, வடக்கே சிவப்புக் குவிமாடங்களோடு தெரியும் சான் பாப்லோ தேவாலயம். பழைய மாளிகைத் தொகுதி ஒன்றின் மேலேயே, அதன் கற்களைக் கொண்டே கட்டியது. பழைய சுவர் எங்கே முடிகிறது, தேவாலயம் எங்கே தொடங்குகிறது என்று கண்ணால் பிரித்துப் பார்க்கலாம். கீழே பெரிய நிலவறை ஒன்றை அடைத்துவிட்டுத்தான் பாதிரியார்கள் மேலே கட்டினார்கள் என்று பழைய ஏடுகள் சொல்லிக்கொண்டிருந்தன. சமீபத்தில் கருவிகளை வைத்துத் தரையைச் சோதித்தவர்கள், தேவாலயத்துக்கு அடியில் வெற்றிடங்கள் இருப்பதற்கான அடையாளம் கிடைத்ததாக 2023ல் அறிவித்தார்கள். தோண்டினால் தேவாலயம் என்னாகும் என்பது வேறு பேச்சு. அங்கே இன்றும் பூசை நடக்கிறது.

ஞாயிற்றுக்கிழமைக்கு என்ன வைத்திருக்கிறீர்கள்?

த்லாகோலுலா சந்தை. மிட்லா போகும் வழியில்தான். சுற்றுவட்டக் கிராமமெல்லாம் அன்றைக்கு அங்கே இறங்கும். பூப்போட்ட ஏப்ரனும் தலையில் சுற்றிய துணியுமாகப் பெண்கள், உயிரோடு வான்கோழிகள், மூட்டை மூட்டையாகக் காய்ந்த மிளகாய். அம்மிக்கல் விற்பார்கள், அவர்கள் அதற்கு 'மெத்தாத்தே' என்கிறார்கள், மூன்று காலில் நிற்கும், குழவியை இரண்டு கையாலும் பிடித்து அரைப்பது அப்படியே நம் அம்மி அரைப்பதுதான். காது கொடுத்துக் கேளுங்கள்: பேரம் பாதி சப்போட்டெக்கில் நடக்கும்.

காலை 10 மணிக்குச் சந்தை, மதியத்துக்கு மேல் மிட்லா, நடுவில் நேரமிருந்தால் யாகுல் இடிபாடுகள். போகும்போது துலே ஊரில் பத்து நிமிஷம் இறங்கி அந்த மரத்தைப் பாருங்கள். அஹுவேஹுவேத்தே என்ற ஊசியிலை மரம். அடிமரத்தின் சுற்றளவு 40 மீட்டருக்கு மேல். மிட்லாவின் மாளிகைகளைவிட வயதானது.

சின்னச் சின்ன இடங்களில் எதை விடலாம், எதை விடக்கூடாது?

யாகுலை விடாதீர்கள். கள்ளிச் செடிகளுக்கு நடுவே ஒரு குன்று, பெரிய பந்தாட்டக் களம், ஆறு முற்றம் உள்ள மாளிகை, பல நாள் நீங்கள் மட்டும்தான் இருப்பீர்கள். மேலே கோட்டை வரை ஏறினால் கிழக்குப் பள்ளத்தாக்கு முழுக்கத் தெரியும். எதிரே தெரியும் பாறைக் குகைகளைச் சாதாரணமாக நினைத்துவிட வேண்டாம். யாகுலுக்கும் மிட்லாவுக்கும் இடையிலான குகைகள் 2010ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தவை. அவற்றில் ஒன்றான கிலா நாகித்ஸில் சுமார் 10,000 ஆண்டுப் பழமையான பூசணி விதைகள் கிடைத்தன, மனிதர் வளர்த்த பூசணி. மிகப் பழைய மக்காச்சோளக் கதிர்த் துண்டுகளும் அங்கேதான்.

தைன்சு என்ற இடிபாடு சிறியது. பந்தாட்டக்காரர்கள் செதுக்கிய கற்களில் ஆர்வமிருந்தால் மட்டும் நிறுத்துங்கள்.

தெற்குப் பக்கம் குயிலாப்பானும் சாச்சிலாவும் ஒரு நாள் வேலை, வியாழக்கிழமையாக இருந்தால் சாச்சிலா சந்தையும் கிடைக்கும். குயிலாப்பானில் தொமினிக்க மடத்தின் கூரையில்லாத பெரிய தேவாலயம் தூண் வரிசையோடு வெயிலில் நிற்கிறது. ஒரு கல்வெட்டில் 1555 என்ற கிறிஸ்தவ ஆண்டும் மிஷ்டெக் ஆண்டுக் குறியும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. மெக்சிகோவில் அடிமை முறையை ஒழித்த குடியரசுத் தலைவர் விசெந்தே கெரேரோவை 1831ல் சுட்டுக்கொன்றது இந்த மடத்து வளாகத்தில்தான்.

சாச்சிலா சப்போட்டெக்குகளின் கடைசித் தலைநகர்களில் ஒன்று. அங்கே கல்லறை வாசலில் சுதை ஆந்தைகள் இருக்கின்றன. பார்க்க ஐந்து நிமிஷம் ஆகாது. ஆனால் அதைத் தோண்டிய கதை இருக்கிறதே, அதற்காகவே போகலாம். தங்கள் முன்னோர் படுத்திருக்கும் மேட்டைத் தொடக்கூடாது என்று ஊர்க்காரர்கள் தொல்லியலாளர்களைத் திரும்பத் திரும்ப விரட்டினார்கள். 7ஆம் கல்லறையைத் திறந்து புகழ்பெற்ற காசோவுக்கே இங்கே அனுமதி கிடைக்கவில்லை. கடைசியில் 1962ல் ஆயுதக் காவலோடு வந்துதான் தோண்டினார்கள். கிடைத்த நகைகள் மெக்சிகோ நகர அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டன.

நகரத்துக்குள் பழசாக என்ன இருக்கிறது?

ஸ்பானியர் 1529ல் கட்ட ஆரம்பித்த ஊர். நேர்கோட்டுத் தெருக்கள், நடுவில் சொக்காலோ என்ற சதுக்கம். பச்சை சாயல் அடிக்கும் உள்ளூர்க் கல்லால் கட்டியவை முக்கியக் கட்டடங்கள். தேவாலயக் கோபுரங்கள் ஏன் குட்டையாக, தடித்துப்போய் இருக்கின்றன என்று கேட்பீர்கள். நிலநடுக்கம். உயர்த்திக் கட்டியதெல்லாம் விழுந்தது, அதனால் அகலமாகக் கட்டப் பழகினார்கள். 1931லும் ஒரு பெரிய அதிர்ச்சி ஊரை உலுக்கியது. நகரத்தின் பழைய பகுதியும் மோந்தே அல்பானும் சேர்ந்து 1987ல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம் பெற்றன.

சாந்தோ தொமிங்கோ தேவாலயத்துக்குள் நுழைந்ததும் தலையைத் தூக்கிப் பாருங்கள்: கூரையில் கொடி படர்ந்து, கிளைக்குக் கிளை ஒருவராகப் புனித தொமிங்கோவின் வம்சாவளி. மேலும் உள்ளே தங்கப்பூச்சு. 19ஆம் நூற்றாண்டில் இந்த மடத்தைப் பிடுங்கிக் குதிரைப் படைக்குக் கொடுத்தார்கள். 1990கள் வரை ராணுவம் இருந்தது. ராணுவம் கிளம்பியதும் அங்கே ஓட்டலும் வண்டி நிறுத்தமும் வரும் என்ற பேச்சு அடிபட்டது. ஓவியர் ஃபிரான்சிஸ்கோ தொலேதோவும் மற்றவர்களும் போராடி அதைத் தடுத்தார்கள். இன்றைக்கு அங்கே அருங்காட்சியகத்தோடு வஹாக்காவின் செடி கொடிகளுக்கான தோட்டமும் இருக்கிறது. 2002ல் சொக்காலோவில் மெக்டொனால்ட்ஸ் வரப்போகிறது என்றதும் அதே தொலேதோ சதுக்கத்தில் வந்தவர்களுக்கெல்லாம் தமாலே கொடுத்துப் போராட்டம் நடத்தினார். சோளமாவைச் சோளக்கதிர்த் தோலில் பொதிந்து அவிப்பார்களே, அந்தப் பலகாரம். கடை வரவில்லை.

கம்பளம் வாங்க தெயோதித்லான் போகச் சொல்கிறார்கள், போகலாமா?

போகலாம், வாங்காவிட்டாலும் போகலாம். தெயோதித்லான் தெல் வாயே நெசவாளர் ஊர். கம்பளங்களில் மிட்லாவின் சுருளும் படிக்கட்டும் மறுபடி வரும். ஊர்த் தேவாலயச் சுவரில் அதற்கு முன் நின்ற சப்போட்டெக் கோயிலின் செதுக்குக் கற்கள் பதிந்திருக்கின்றன, தேடிப் பாருங்கள்.

சாயம் போடுவதைக் காட்டச் சொல்லுங்கள். நீலம் அவுரியிலிருந்து. சிவப்பு ஒரு பூச்சியிலிருந்து: சப்பாத்திக்கள்ளி மேல் வெள்ளைப் பொடி போலப் படிந்திருக்கும் கொச்சினீல். உலர்த்தி அரைத்து எலுமிச்சைச் சாறு விட்டால் ஒரு நிறம், சுண்ணாம்பு சேர்த்தால் வேறு நிறம். ஒரு கிலோ சாயத்துக்கு லட்சத்துக்கு மேல் பூச்சி வேண்டும். ஸ்பானியர் காலத்தில் வெள்ளிக்கு அடுத்து மெக்சிகோவிலிருந்து கப்பலேறிய விலையுயர்ந்த சரக்கு இதுதான், அதன் முக்கிய விளைநிலம் வஹாக்கா. இந்த ஊரின் தங்கப்பூச்சுத் தேவாலயங்களுக்குப் பின்னால் இந்தப் பூச்சி இருக்கிறது.

இதில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு இந்த வியாபாரத்தின் மேல் கண் விழுந்தது. மதராஸில் கம்பெனி மருத்துவராக இருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன் சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டம் போட்டார். தோட்டம் அமைந்தது, சரியான பூச்சி அமையவில்லை. இந்தியாவுக்கு வந்து சேர்ந்தது காட்டு ரகம். சாயம் மட்டம், கள்ளியைத் தின்று தீர்ப்பதில் மட்டும் கெட்டி. வஹாக்காவின் சிவப்பு வஹாக்காவிலேயே இருந்துவிட்டது.

சைவம் கிடைக்குமா?

கிடைக்கும், கேட்கத் தெரிந்தால். 'சின் கார்னே' என்று இறைச்சி வேண்டாம் எனச் சொல்வது மட்டும் போதாது. கறுப்புப் பயற்றை மசிக்கும்போது பன்றிக் கொழுப்பு சேரும். த்லாயூதா என்ற பெரிய மொறுமொறு சோள அடையின் மேல் 'அசியேந்தோ' என்று கொழுப்பு தடவித்தான் மற்றதை வைப்பார்கள். 'சின் மந்தேகா, சின் அசியேந்தோ' என்று சேர்த்துச் சொல்லுங்கள். மோலே என்ற குழம்பு மிளகாய், எள், கொக்கோ எல்லாம் சேர்ந்த அற்புதம், ஆனால் பெரும்பாலும் கோழிச் சாறு விட்டே செய்வார்கள். பூசணிப் பூவும் நூல் நூலாக உரியும் கெசியோ பாலாடைக்கட்டியும் வைத்து மடித்த அடை பெரும்பாலும் ஆபத்தில்லாதது. சந்தையில் பெரிய மண்சட்டியில் நுரையோடு இருக்கும் தெஹாத்தேயைக் கட்டாயம் குடியுங்கள்: சோளமும் கொக்கோவும், கூடவே சப்போட்டாக் குடும்பத்துப் பழமான மாமேயின் கொட்டையும் அரைத்துக் கரைத்தது.

அசைவக்காரர்களுக்கு: வெட்டுக்கிளி வறுவல். எலுமிச்சை, பூண்டு, உப்பு தூக்கலாக இருக்கும். பொடிசாக வாங்குங்கள், பெரியதில் கால் பல்லில் மாட்டும்.

எந்த மாதம்? எத்தனை நாள்?

நவம்பர் முதல் மார்ச் வரை வானம் தெளிவு. இரவில் ஒரு ஸ்வெட்டர் வேண்டும், ஊர் சுமார் 1,550 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை மழைக்காலம், ஆனால் பெரும்பாலும் பிற்பகலில்தான் பெய்யும். இடிபாடுகள் பச்சைப்பசேல் என்று இருப்பது அப்போதுதான், எனக்கு அதுவே பிடிக்கும். ஐந்து நாள் நிம்மதி. மூன்று நாளுக்குக் குறைவாக என்றால் வராமலேயே இருக்கலாம்.

நவம்பர் 1, 2 இறந்தோர் நாட்கள். அறைகள் பல மாதம் முன்பே நிரம்பும். ஜூலை கடைசியில் கெலாகெத்சா என்ற பெரிய ஆட்டவிழா. அரங்கில் நடப்பதைவிட அந்தச் சொல்லின் பழைய பொருள் எனக்குப் பிடித்தது: கல்யாணத்துக்கோ ஊர்த் திருவிழாவுக்கோ ஒரு வீட்டார் மற்றவருக்கு வான்கோழியோ சோளமோ கொடுப்பார்கள், வாங்கியவர் நோட்டில் எழுதி வைத்துப் பின்னால் அதே அளவு திருப்பித் தருவார். மொய் என்று சொன்னால் நமக்கு ஒரே சொல்லில் முடிந்தது.

விசா, வழி?

இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு மெக்சிகோ விசா வேண்டும். ஆனால் அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஜப்பான், ஷெங்கன் நாடுகளின் செல்லுபடியாகும் விசாவோ நிரந்தர வசிப்புரிமையோ இருந்தால் சுற்றுலாவுக்குத் தனி விசா கேட்பதில்லை. பாஸ்போர்ட்டில் விசா முத்திரை காலாவதியாகி ஒப்புதல் கடிதம் மட்டும் கையில் இருப்பவர்கள் இதில் மாட்டிக்கொள்கிறார்கள். டிக்கெட் போடுமுன் தூதரகப் பக்கத்தைப் பாருங்கள். மெக்சிகோ நகரத்திலிருந்து விமானம் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல், பேருந்து ஆறு ஏழு மணி நேரம். ஊர்களுக்கிடையே பங்கு டாக்சி ஓடுகிறது, மலிவு. நெருக்கி உட்காரத் தயங்காதவர்களுக்குப் போதும்.

பாதுகாப்பு எப்படி?

வழக்கமான கவனம் போதும்: இரவில் தனித் தெரு, கையில் பெரிய பணக்கட்டு இரண்டும் வேண்டாம். உண்மையான தொந்தரவு சாலை மறியல். ஆசிரியர் சங்கமோ ஒரு கிராமமோ கோரிக்கையோடு சாலையை அடைத்தால் அன்றைய திட்டம் போச்சு. மே, ஜூனில் அதிகம். விமானம் பிடிக்கும் நாளுக்கு முந்தின இரவே நகரத்துக்குத் திரும்பிவிடுங்கள்.

பெரியவர்களைக் கூட்டிப் போகலாமா?

மிட்லா சமதரை, தாராளமாக. மோந்தே அல்பானில் சதுக்கம் வரை நடக்கலாம். மேடைப் படிகள் உயரம், கைப்பிடி இல்லை, முழங்கால் வலி உள்ளவர்கள் கீழேயே நிழல் பார்த்து உட்காரட்டும்.

மோந்தே அல்பான் வழியில் ஒருவர் துணியில் சுற்றிய பழைய சிலையைக் காட்டினார். நிஜமா?

நிஜமாக இருந்தால் வாங்குவது குற்றம். 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தப் பழம்பொருள்கள் நாட்டின் சொத்து, எல்லை தாண்டிக் கொண்டுபோக முடியாது. பொய்யாக இருந்தால், அநேகமாக அதுதான், அவரே செய்து மண்ணில் புதைத்துப் பழசாக்கியது. வேலை நன்றாக இருந்தால் அப்படிச் சொல்லியே விலை பேசுங்கள். 'நீங்கள் செய்ததா?' என்று நான் ஒருவரிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் முகத்தைப் பார்த்துவிட்டு, 'என் அப்பா இதைவிட நன்றாகச் செய்வார்' என்றார்.